காடு கலைக்கிறவள்

டிசம்பர் 16, திங்கள்

கன்றுக் கொட்டகையின் தகரச் சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. பென்சில் நுழையும் அளவுதான். காலையில் பால்வாளியோடு உள்ளே போனபோது வெயில் அதன் வழியாக நூல் பிடித்தாற்போல் இறங்கி வைக்கோலில் ஒரு பொட்டு வைத்திருந்தது. சின்னக் கன்று அந்தப் பொட்டை நக்கப் பார்த்தது.

போன மாதம் அது இல்லை. காலையும் மாலையும் அங்கே நிற்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

தகரத்தின் ஓரம் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து வந்தது. என் தோள் உயரம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தேன். சரிவு தெரிந்தது. சரிவின் கீழே ஓடைக்கரையின் வில்லோ புதர். புதருக்கு அந்தப் பக்கம் மண்சாலையில் குழாய்ப் பாலம். வேறெதுவும் அந்த ஓட்டைக்குள் அடங்கவில்லை.

ஏழாம் தேதி மான் வேட்டையில் பாலத்தில் துப்பாக்கியோடு நின்றவர் டுவேன் மாமா. புதருக்குள் நடந்தது நானும் அவர் மகள் கென்ட்ராவும்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஆணி ஓட்டையாக இருக்கும்.

டிசம்பர் 18, புதன்

ஆணி ஓட்டை இல்லை. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வேட்டைக் கூட்டத்தில் ஆறு பேர் நிற்பார்கள், மற்றவர்கள் நடப்போம். நிற்கிறவர்கள் துப்பாக்கியோடு சாலை ஓரத்தில் ஆளுக்கொரு இடத்தில். நடக்கிறவர்கள் எதிர்முனையிலிருந்து வெறுங்கையோடு வரிசையாக வந்து, சத்தம் போட்டுக் காட்டைக் கலைத்து, மான்களை அவர்கள் பக்கம் தள்ளுவோம். மான் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகுதான் சுடலாம். காட்டுப் பக்கமாகச் சுடவே கூடாது, ஏனென்றால் காட்டுக்குள் நாங்கள் இருக்கிறோம். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

துப்பாக்கி என்றால் ஷாட்கன் மட்டும். அதில் போடுவது ஸ்லக், கட்டைவிரல் பருமனில் ஒற்றைக் குண்டு. அது தகரத்தில் பட்டிருந்தால் என் கட்டைவிரல் உள்ளே போகும். இந்த ஓட்டையில் சுண்டுவிரல்கூடப் போகவில்லை. இது ரைஃபிள் குண்டு.

இன்னொன்று. அன்று நடக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. ஸ்லக் என்றால் நெஞ்சில் இடிக்கும். இது சாட்டையைச் சொடுக்கியது போல இருந்தது. கூடவே எனக்கு இடப்பக்கத்தில் ஒரு கிளை முறிந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அன்று காற்றே இல்லை.

டிசம்பர் 19, வியாழன்

நான் வேலை பார்க்கும் முட்டை ஆலையில் இன்று விரிசல் விழுந்த முட்டைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு அல்ல, ஒரு தட்டு முழுக்க. பக்கத்தில் உட்காரும் மரிசெலா எனக்காக அவற்றை எடுத்துப் போட்டாள்.

“என்னடி, யாரு பையன்?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“பையன் இல்லாம இப்படி ஒருத்தி முட்டையைப் பாக்க மாட்டா. உன்னை மாதிரி பேசாத பொண்ணுங்கதான் ஒருநாள் ஜன்னல் வழியா ஓடிப்போகும். எங்க ஊர்ல நாலு பேரைப் பாத்திருக்கேன்.”

சிரித்துவிட்டேன். இந்த இருட்டு அறை எனக்குப் பிடிக்கும். விளக்குக்கு மேல் முட்டைகள் உருண்டு வரும், உள்ளே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எழுந்து நின்று வகுப்புக்கு முன்னால் பேசு என்று யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டது அதற்காகத்தான். அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில், “அவளுக்கு உடம்பு சரியில்ல, அதான் நிறுத்திட்டோம்” என்று சொல்கிறாள்.

டிசம்பர் 21, சனி

மாமா வந்தார். வண்டியை நிறுத்தும் முன்பே ஹாரன். எங்கள் வீட்டில் யாருக்கும் அவரைப் பார்த்தால் முகம் மலராமல் இருக்காது, எனக்கும்தான்.

“வெர்ன்! வெளிய வாய்யா. உனக்கு ஒண்ணு காட்டணும்.”

புது ரைஃபிள். அப்பா அதை வாங்கி, கையில் எடை பார்த்து, கண்ணில் வைத்துப் பார்த்து, “இதை வெச்சு இங்க என்ன பண்ணப் போற? சட்டம் விடாதே” என்றார்.

“ஜனவரியில விடும்.”

ஜனவரியில் பெண்மான்களுக்கு மட்டும் தனிப் பருவம் வருகிறது. சோளக்காட்டைத் தின்று தீர்க்கின்றன, சாலையில் கார்களில் வந்து விழுகின்றன, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அந்தப் பருவத்தில் ரைஃபிளை விடலாமா கூடாதா என்பதை இந்த வருஷம் அந்தந்த மாவட்ட சபையே முடிவு செய்துகொள்ளலாமாம். ஆறாம் தேதி ஊர் மண்டபத்தில் கூட்டம். மாமாதான் முன்னால் நின்று பேசப் போகிறார்.

“ஷாட்கன் கழுதை மாதிரி உதைக்குது. பாதிப் பேர் கண்ணை மூடிக்கிட்டுச் சுடறான். மானுக்குக் கால் போகும், வயிறு கிழியும், ஓடிப்போய் எங்கயோ கிடந்து சாகும். இது அப்படியில்ல. வெச்ச இடத்துல படும். ஏய் வாயில்லாப்பூச்சி, இங்க வா. நீயே சுட்டுப் பாரு.”

தண்ணீர் நிரப்பிய பால் டப்பாக்களைப் பழைய கலப்பை மேல் வரிசையாக வைத்தார். என் தோளைத் திருப்பி, முழங்கையை இறக்கி, “மூச்சை விடு, பாதியில நிறுத்து” என்றார். சுட்டேன். டப்பா வெடித்துத் தண்ணீர் பறந்தது. அடுத்ததையும். அதற்கடுத்ததையும். தோளில் யாரோ தட்டிக்கொடுத்த மாதிரிதான் இருந்தது.

“பாத்தியா வெர்ன்! உன் பொண்ணு எம்மருமக. ரத்தம் பேசுது.”

எனக்குப் பிடித்திருந்தது. அதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. போன வருஷம் ஸ்லக் சுட்டு என் தோள் நீலம் பாரித்துப்போயிற்று. நான் சுட்ட பெண்மான் மூன்று காலில் ஓடியது, இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. இந்த ரைஃபிள் இருந்திருந்தால் அது நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும். மாமா சொல்வதில் பொய் இல்லை.

அவர் கிளம்பும்போது கேட்க நினைத்தேன். ஏழாம் தேதி உங்கள் கையில் எது இருந்தது? வாயைத் திறந்தேன்.

“காப்பி வேணுமா, மாமா?” என்றுதான் வந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

சர்ச் விட்டதும் கென்ட்ராவின் வண்டியில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். அவள் நகத்துக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள்.

“ரைஃபிளா? போடி. அப்பா ஷாட்கன்தான் எடுத்துட்டுப் போனாரு, நானே பாத்தேன்.”

“வண்டியில வேற ஏதாவது...”

“வண்டியில எப்பவும் ஒண்ணு கிடக்கும். கொயோட்டுக்கு, அந்த நரிங்களுக்கு. அதுங்கதான் முதல்ல புதரை விட்டு ஓடி வரும்ல, அப்ப—”

அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். பூச்சு ஒரு சொட்டு அவள் பாவாடையில் விழுந்தது, துடைக்கவில்லை.

“நீ எங்க நடந்த அன்னிக்கு?”

“ஓடையை ஒட்டி.”

“நான்?”

“எனக்கு இடப்பக்கம்.”

கிளை முறிந்ததும் இடப்பக்கம்தான். அதை நான் சொல்லவில்லை, அவளே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

பூச்சு பாட்டிலை மூடிவிட்டு, “கொயோட்டைத்தான் சுட்டிருப்பாரு. எங்கப்பா வேணும்னே பண்ணுவாரா?” என்றாள்.

“நான் அப்படிச் சொல்லல.”

“யார்கிட்டயும் சொல்லாத. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வீடு வீடா இருக்காது. சொல்ல மாட்டல்ல? நீதான் எதுவுமே சொல்ல மாட்டியே.”

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நம்பிக்கையாகத்தான் சொன்னாள்.

டிசம்பர் 25

மாமா எனக்குத் தோல் கையுறை கொடுத்தார். சாப்பிடும் முன் எல்லோரும் கைகோத்து ஜெபம் செய்தோம், என் வலப்பக்கம் அவர். சூடான கை. ஒவ்வொரு தடவையும் ஆமென் சொன்னதும் விரல்களை ஒரு முறை அழுத்திவிட்டுத்தான் விடுவார், நான் குழந்தையாக இருந்தபோதிலிருந்தே. இன்றும் அழுத்தினார்.

டிசம்பர் 28, சனி

அப்பாவைக் கொட்டகைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கென்ட்ராவுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை. அது வாக்கு ஆகாது. ஆகுமா?

அப்பா கையுறையைக் கழற்றினார். சுண்டுவிரலை ஓட்டையில் வைத்தார், போகவில்லை. குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் எதைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது.

“ஆணி” என்றார்.

“வெளியில இருந்து யாருப்பா ஆணி அடிப்பாங்க?”

அவர் கன்றின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

“நீ கத்துறதே இல்லையேம்மா. மத்தவங்க எல்லாம் ஹோ ஹோன்னு கத்திக்கிட்டு வர்றாங்க. நீ குச்சியால மரத்தைத் தட்டிக்கிட்டு வர்ற. மரங்கொத்தி தட்டுற மாதிரி இருக்கு. நீ எங்க இருக்கேன்னு நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?”

அப்ப என் தப்பு. அதானே? நான் கத்தல, அதனால எம்மேல குண்டு வந்தா அது என் தப்பு. காட்டுப் பக்கம் சுடக் கூடாதுன்னா கூடாது, அதுல கத்துறவ இருந்தா என்ன, ஊமை இருந்தா என்ன? கென்ட்ரா கத்திக்கிட்டுத்தானே வந்தா? ஊருக்கே கேக்கும் அவ குரல். அவ பக்கத்துலயும்தானே போச்சு?

இதில் ஒன்றைக்கூட அப்பாவிடம் சொல்லவில்லை. வாளியைக் கழுவினேன்.

போகும்போது அவர் சொன்னது: “கூட்டம் முடியட்டும். இப்ப போய் இதைக் கிளப்பினா, அவன் சட்டத்தை மீறினான்னு லைசென்ஸைப் பிடுங்குவாங்க. உங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான்.”

டிசம்பர் 29, ஞாயிறு

ஓட்டையை அடைத்துவிட்டார். சதுரமாக ஒரு புதுத் தகரத்துண்டு, மூலைக்கொரு திருகாணி. பளபளக்கிறது. முன்பு நான் ஒருத்திதான் பார்த்தேன், இப்போது சாலையில் போகிற யாருக்கும் தெரியும்.

அம்மா கேட்டாள்: “நல்ல சுவத்துக்கு உங்கப்பா எதுக்கு ஒட்டுப் போட்டிருக்காரு?”

“காத்து வருதாம்” என்றேன்.

ஜனவரி 2, வியாழன்

கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பார்த்தேன். ஹோ. கன்றுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு முறை. தொண்டையில் எங்கோ ஒரு கதவு இருக்கிறது, மற்றவர்களுக்கு அது தானாகத் திறக்கிறது.

கன்றுகள் முன்னாலேயே வராத குரல் காட்டில் எப்படி வரும்?

ஜனவரி 6, திங்கள்

மண்டபத்தில் உட்கார இடமில்லை. சுவர் ஓரம் முழுக்க ஆட்கள், பனி ஒட்டிய பூட்ஸ் நாற்றம். அம்மாவும் நானும் பின்னால் மேசையில் காப்பியும் கொலாச்சி என்ற இனிப்பு பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிளம் வைத்தது முதலில் தீர்ந்தது, பாலாடைக்கட்டி வைத்ததைத் தொட ஆளில்லை.

மாவட்ட சபையின் தலைவர் திருமதி ப்ரிபில். கூட்டத்தைத் தொடங்கும் முன்பே, “ஒருத்தருக்கு மூணு நிமிஷம். மைலோ, உனக்கும் மூணு நிமிஷம்தான்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மைலோ வாவ்ரா எங்கள் வேட்டைக் கூட்டத்துக்குத் தலைவர், எங்கள் நிலத்தை அடுத்த நிலம் அவருடையது. ரைஃபிள் வேண்டாம் என்பவர். எழுந்து நின்று, “இது மலைநாடு இல்ல. மேசை மாதிரிக் கிடக்கிற ஊரு. ஸ்லக் கொஞ்ச தூரம் போகும், மண்ணுல விழும். ரைஃபிள் குண்டு விழாது. அடுத்தவன் சமையலறையில போய் உப்பு கேக்கும்” என்றார்.

மாமா உட்கார்ந்தபடியே, “மைலோ, நீ குறி தவறினா எந்தக் குண்டும் ஊரைச் சுத்தத்தான் செய்யும்” என்றார்.

“எங்குறி தவறுதா? போன வருஷம் ஒரு மானுக்கு அஞ்சு ஸ்லக் செலவு பண்ணினது யாரு? நான் போர் வந்துருச்சுன்னு நினைச்சேன்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்! ரைஃபிள் இருந்தா ஒண்ணு போதும்.”

மறுபடியும் சிரிப்பு. திருமதி ப்ரிபில் மேசையைத் தட்டினாள்.

மாமா எழுந்தார். நன்றாகப் பேசினார். சின்னப் பிள்ளைகளுக்கும் தோள் வலிக்காது என்றார். ஸ்லக் உறைந்த தரையில் பட்டுத் தெறிக்கும், அதை யாரும் பேசுவதில்லை என்றார். காயப்பட்டு ஓடிய மானைப் பற்றிச் சொன்னார். “எம்மருமக போன வருஷம் அதுக்காக அழுதா” என்றார். தலைகள் திரும்பின. நான் காப்பிக் குழாயைப் பார்த்தேன். அந்த அழுகையை மாமா பார்த்தார் என்பதே எனக்குத் தெரியாது.

பிறகு சொன்னார்: “எங்க கூட்டம் எங்கப்பா காலத்துலேர்ந்து வேட்டையாடுது. ஒரு குண்டு, ஒரே ஒரு குண்டு, போகக் கூடாத இடத்துக்குப் போனதில்ல. துப்பாக்கியில இல்லங்க ஆபத்து, ஆள்கிட்டதான் இருக்கு. வெர்னைக் கேளுங்க.”

அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். ஆமாம் என்று.

கை சுட்டது. கோப்பை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அம்மா, “என்னடி இது, கண்ணு எங்க இருக்கு?” என்று குழாயை மூடினாள்.

“வேற யாராவது?” என்று திருமதி ப்ரிபில் கேட்டாள். அறை முழுக்கப் பார்த்தாள், பின்னால் மேசை வரைக்கும் பார்த்தாள். கென்ட்ரா மூன்றாம் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்றா, சொல் என்றா? இப்போது வரை தெரியவில்லை.

எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு உதைக்கும், எவ்வளவு சரியாகப் படும் என்று எல்லாவற்றையும் பேசினார்கள். பேசியவர்கள் எல்லோரும் நிற்கிறவர்கள். நடக்கிறவர்கள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

“இல்லைன்னா வாக்கெடுப்பு.”

சபையில் மூன்றுக்கு இரண்டு. ரைஃபிள் உண்டு.

ஜனவரி 7, செவ்வாய்

மாமா டோனட் வாங்கி வந்தார். இரண்டு தின்றேன். கோபமாக இருக்கும்போது எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

ஜனவரி 8, புதன்

அப்பாவும் ரைஃபிள் வாங்கியாயிற்று. மாமாவின் பழையது. கொயோட்டுக்கு வைத்திருந்தது.

சமையல் மேசையில் அதைப் பிரித்துப் போட்டு எண்ணெய் போடுகிறார். நான் சூப்புக் கிண்ணங்களை அதைச் சுற்றி வைத்தேன். ஏழாம் தேதி சுட்டது இதுதான் என்று அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படி? அவர் துடைக்கிற விதத்தில், திரும்பத் திரும்ப ஒரே இடத்தைத் துடைக்கிற விதத்தில்—

தெரியும்.

ஜனவரி 9, வியாழன்

அம்மாவோடு வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு மேலங்கிகளைத் துவைத்து உலர்த்தினேன்.

“நீங்க வேட்டைக்குப் போயிருக்கீங்களாம்மா?”

“போகாம? கல்யாணம் ஆகுறவரைக்கும் நடந்தேன். இடுப்பு வரைக்கும் பனி. ஒருதடவை ஓடையில விழுந்து பூட்ஸோட ஐஸ் ஆயிட்டேன். உங்க மாமன் பாலத்துல நின்னு சிரிக்கிறான்.”

“மாமா நடந்ததில்லையா?”

அம்மா யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், கையில் ஈரத் துணியோடு.

“இல்ல. அவன் பத்து வயசிலேயே நிக்க ஆரம்பிச்சுட்டான்.”

“நீங்க ஏன் நிக்கல? உங்களுக்குச் சுடத் தெரியும்ல?”

“அவனைவிட நல்லாச் சுடுவேன்.”

“அப்புறம்?”

“யாரும் கேக்கல.”

“நீங்க கேட்டீங்களா?”

“அந்தச் சட்டையை உதறிப் போடு, சுருக்கம் விழுது” என்றாள்.

ஜனவரி 10, வெள்ளி

மரிசெலாவிடம் நாளை வேட்டை என்று சொன்னேன். மானை விரட்டிக்கொண்டு துப்பாக்கிகளுக்கு எதிரே நடப்பதுதான் என் வேலை என்றதும் முட்டையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். “இல்ல, நீ எனக்குச் சரியாச் சொல்லல. துப்பாக்கி உன்னைப் பாத்து இருக்குமா?” ஆமாம் என்றேன். “அதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?” இல்லை என்றேன். அவள் தன் மொழியில் ஏதோ சொல்லி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிடலாம். அம்மாவுக்கு அந்தப் பொய் பழக்கம்தான். ஆனால் நான் படுத்தால் கென்ட்ரா தனியாக நடப்பாள்.

ஜனவரி 11, சனி

குளிரில் விறைத்த கை இன்னும் சரியாக வளையவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் எல்லோரும் மைலோவின் களத்தில் கூடினோம். நல்ல குளிர், மூக்கு மயிர் ஒட்டிக்கொள்கிற குளிர். வண்டிகளின் மேல் ரைஃபிள்கள். மாமா தன்னுடையதை வண்டி முகப்பில் சாய்த்து வைத்து அதன் குறிபார்க்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தோளில் அந்தப் பழையது.

வழக்கம்போல மைலோ தன் தொப்பியைக் கழற்றி அதில் எண் போட்ட பாட்டில் மூடிகளைப் போட்டார். ஆறு இடம், ஆறு மூடி. எந்த எண் வருகிறதோ அந்த இடத்தில் நிற்க வேண்டும். தொப்பி காலியான பிறகு வருகிறவன் நடக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஆனால் யாரும் அதுவரை காத்திருப்பதில்லை. பெண்களும் சின்னவர்களும் இறங்கியதும் நேராக நடக்கிறவர்களின் வண்டியில் போய் ஏறிவிடுவோம், ஆண்கள் தொப்பியைச் சுற்றி நிற்பார்கள். யார் சொல்லி இப்படி ஆயிற்று என்று தெரியவில்லை.

நானும் ஏறி உட்கார்ந்திருந்தேன். கென்ட்ரா எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள். மைலோ தொப்பியைக் குலுக்கினார். ஒவ்வொருவராக எடுத்தார்கள். அப்பா எடுத்தார்.

நான் இறங்கினேன்.

“எங்க போற?” என்றாள் கென்ட்ரா.

எங்கள் வண்டியிலிருந்து என் சின்ன ஷாட்கன்னை எடுத்தேன், ஒற்றைக் குழல். நடந்துபோய் மைலோவின் முன்னால் நின்றேன். காது சூடாகிவிட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள், அல்லது எனக்குத்தான் கேட்கவில்லையோ. மைலோ என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். பிறகு என் உயரத்துக்குத் தொப்பியைத் தாழ்த்தினார்.

கையை விட்டேன். ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மூன்றாம் எண்.

மாமா கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டு விசில் அடித்துக்கொண்டே வந்தார். தொப்பிக்குள் கைவிட்டுத் துழாவினார்.

“ஒண்ணு குறையுதே.”

“குறையல” என்றார் மைலோ. “ஆறு போட்டேன். ஆறும் போச்சு.”

“யாரு எடுத்தா?”

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். மாமா சிரித்தார்.

“சரி சரி, விளையாடினது போதும். குடு குட்டி.”

கையை மூடிக்கொண்டேன். நின்றேன்.

“தொப்பி காலின்னா நடக்கணும் டுவேன்” என்றார் மைலோ. “உங்கப்பன் வெச்ச சட்டம்.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பூட்ஸால் பனியைத் தள்ளிவிட்டு, “அவ எடுத்துட்டா, எடுத்ததுதான்” என்றார்.

மாமாவின் முகம் சிவந்தது. “நடக்கறேன். நடந்தா என்ன, காலா போயிடும்?” என்று ரைஃபிளைக் கொண்டுபோய் வண்டியில் வைத்தார். கதவைச் சாத்தினார். இரண்டடி வந்தவர் நின்றார். திரும்பி வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“யார் யார்கிட்ட ரைஃபிள் இருக்கு?” என்றார். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

இரண்டு மூன்று பேர் வண்டிகளின் மேல் கிடந்தவற்றைப் பார்த்தார்கள்.

“ஏன், வெச்ச இடத்துல படும்னியே?” என்றார் மைலோ.

“வாயை மூடு, மைலோ.”

அப்பா தோளிலிருந்து பழையதை இறக்கி, வண்டிக்குள் வைத்துவிட்டு, ஷாட்கன்னை எடுத்துக்கொண்டார். மைலோவின் மருமகன் தன்னுடையதை மாற்றவில்லை, கேட்காத மாதிரி நின்றான். மாமா அவனையே பார்த்துக்கொண்டு நடக்கிறவர்களின் வண்டியில் ஏறினார். கென்ட்ரா அவருக்கு இடம் விட்டாள். “கத்திக்கிட்டே வரணும்ப்பா, தெரியும்ல?” என்றாள்.

மூன்றாம் எண் சாலை வளைவில், காய்ந்த ஓக் மரத்தடியில். குண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தூரத்தில் ஹோ, ஹோ என்று தொடங்கியது, அதில் கென்ட்ரா எது என்று தெரிந்தது. அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக மாமா.

“ஹோ! டுவேன் இங்க! ஓடைக்கரையில! இங்க வர்றேன்! கேக்குதா? விழுந்த மரத்துகிட்ட! இப்ப தாண்டிட்டேன்! டுவேன் இங்க!”

மாட்டுச்சந்தையில் ஏலம் போடுகிறவர் மாதிரி மூச்சு விடாமல் கத்தினார். அடுத்த இடத்தில் நின்ற ஆள் சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் தொண்டைக்குள் அது இத்தனை நாளும் இருந்தது.

புதர் அசைந்தது. ஒரு பெண்மான் வெளியே வந்து, சாலையைத் தாண்டாமல் காட்டுப் பக்கமே, பக்கவாட்டில் முழுசாக நின்றது. கல்லெறியும் தூரம். காதைத் திருப்பிப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. துப்பாக்கி தானாகத் தோளுக்கு வந்துவிட்டது. குறி நன்றாக உட்கார்ந்தது.

“இங்க! டுவேன் இங்க!” என்றது மாமாவின் குரல், மானுக்கு நேர் பின்னால்.

துப்பாக்கியை மடித்துத் திறந்து, குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.